கிரியாட்டினின் 1.1லிருந்து 1.3: பேலியோ உணவில் சிறுநீரகத்தைக் காப்பது எப்படி?

"பேலியோவில் இருந்துகொண்டே சிறுநீரகத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியுமா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குக் கீழே நீங்கள் தந்திருக்கும் விவரங்களைப் படித்தால், மனத்தில் இருக்கும் கேள்வி வேறு என்று தெரிகிறது. வயது 43, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை, தந்தையார் சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொண்டவர். நான்கு மாதங்களாக, பேலியோ என்ற பெயரில் மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய உணவில் இருந்து 88 கிலோவிலிருந்து 80 கிலோவுக்கு வந்திருக்கிறீர்கள், சர்க்கரையும் இறங்கியிருக்கிறது, ஆனால் கிரியாட்டினின் மட்டும் 1.1லிருந்து 1.3 ஆகிவிட்டது. ஆகவே, இந்த உணவு என் சிறுநீரகத்தைக் கெடுக்கத் தொடங்கிவிட்டதா என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் 18 ஆண்டுகளாகச் சிறுநீரக மருத்துவம் பார்த்து வருபவன். உங்களை நேரில் பார்க்காமல், சிறுநீர்ப் பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் எழுதுவதால், உங்களுக்கு மருந்தையோ அளவையோ இதில் நான் மாற்றித் தர முடியாது. எதைப் பார்க்க வேண்டும், ஏன் பார்க்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்ல முடியும்.

முதலில் அந்த 1.3. கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து அன்றாடம் வெளியாகும் ஒரு கழிவுப் பொருள். சிறுநீரகம் அதை எவ்வளவு வேகமாக வடிக்கிறது என்பதைக் கொண்டு சிறுநீரகத்தின் திறனை நாம் ஊகிக்கிறோம், நேரடியாக அளப்பதில்லை. உங்கள் வயதுக்கு 1.1 என்றால் வடிதிறன், அதாவது இ.ஜி.எஃப்.ஆர், ஏறத்தாழ 85, 1.3 என்றால் ஏறத்தாழ 70. எண்ணைப் பார்த்தால் பெரிய சரிவுதான். ஆனால் சமைத்த இறைச்சியிலேயே கிரியாட்டினின் இருக்கிறது. இரவு அரைக்கிலோ கறி சாப்பிட்டுவிட்டுக் காலையில் இரத்தம் கொடுத்தால், சிறுநீரகத்தில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே அந்த எண் கூடித் தெரியலாம். உடற்பயிற்சிக்கென்று கிரியேட்டின் பொடி எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். உடலில் நீர் வற்றியிருந்தாலும் ஏறும். மூன்றாவதாக, உண்மையிலேயே சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தாலும் ஏறும். இம்மூன்றையும் ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையால் பிரித்தறிய முடியாது. மூன்று மாதங்களுக்கு மேல் வடிதிறன் 60க்குக் கீழேயே இருந்தாலோ, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் தொடர்ந்து கசிந்தாலோதான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறோம். அந்தக் கோட்டுக்கு நீங்கள் இன்னும் வரவில்லை. அதேவேளை, அலட்சியம் செய்யக்கூடிய நிலையிலும் இல்லை.

இந்த இடத்தில் என் மனக்குறை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த உணவுமுறையைத் தொடங்குபவர்களில் பலர் கொலஸ்டிரால், தைராய்டு, வைட்டமின் டி என்று நீண்ட பட்டியலாக இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வருகிறார்கள். சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதத்தைப் பார்த்து வருபவர்கள் மிகக் குறைவு. சர்க்கரை நோயில் சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது, பெரும்பாலும் முதலில் மாறுவது இந்த எண்தான். கிரியாட்டினின் அசைவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது ஏறிவிடலாம். 30க்குக் கீழே இருந்தால் இயல்பு. பட்டையை நனைத்துப் பார்க்கும் சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையில் 'ஆல்புமின் இல்லை' என்று வருவது போதாது, ஏனெனில் சிறிய கசிவை அந்தப் பட்டை காட்டாது. நீங்கள் அனுப்பிய விவரங்களிலும் இந்த எண் இல்லை. உங்கள் தந்தையாரின் வரலாற்றை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு முதலில் வேண்டியது இதுதான்.

அடுத்து உணவு. கொழுப்பு நேரடியாகச் சிறுநீரகத்துக்குச் சுமை என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கொழுப்பு எரிந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் போகிறது. புரதம் போல யூரியா என்ற கழிவை விட்டுச்செல்வதில்லை. கெட்ட கொலஸ்டிரால் எனப்படும் எல்.டி.எல். சிலருக்கு இந்த உணவில் கடுமையாக ஏறுகிறது, அது இதயத்துக்குரிய கவலை, தனியே பார்க்க வேண்டும். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை, பெயரில் 'உயர் கொழுப்பு' என்று இருந்தாலும் நம் தட்டில் நடப்பது பெரும்பாலும் உயர் புரதம் என்பதே சிக்கல். 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வலிப்பு நோய்க்காக ரசல் வைல்டர் முன்வைத்த கீட்டோஜெனிக் உணவில், கலோரியில் ஏறத்தாழ 90 விழுக்காடு கொழுப்பிலிருந்து வரும். புரதம் அளந்து கொடுக்கப்படும். நீங்கள் எழுதியிருக்கும் ஒரு நாள் உணவைக் கூட்டிப் பாருங்கள். காலையில் 100 பாதாம், சுமார் 25 கிராம் புரதம். மதியம் 4 முட்டை, சுமார் 24 கிராம். இரவு எலும்பு நீக்கிய கோழிக்கறி 400 கிராம், குறைந்தது 80 கிராம். தயிரையும் பனீரையும் சேர்க்காமலேயே 130 கிராமைத் தொடுகிறது. 80 கிலோ எடைக்கு இது கிலோவுக்கு 1.6 கிராம். சிறுநீரக நோய் நடுநிலைக்கு வந்தவர்களுக்குச் சர்வதேச வழிகாட்டுதல் சொல்லும் அளவு கிலோவுக்கு 0.8 கிராம், நோய் முற்றும் வாய்ப்புள்ளவர்கள் 1.3ஐத் தாண்டக் கூடாது என்றும் அது சொல்கிறது. உங்களுக்கு நோய் இருப்பதாக இன்னும் முடிவாகவில்லை என்றாலும், இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

புரதம் கூடினால் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் இரத்த ஓட்டமும் அழுத்தமும் கூடுகின்றன என்பது உறுதியான செய்தி. அப்படிக் கூடுதல் அழுத்தத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடும் வடிகட்டிகள் மெல்லத் தழும்பாகிவிடும் என்ற கருத்தை 1982இல் பாரி பிரென்னரும் அவருடன் இருந்தவர்களும் முன்வைத்தார்கள். எலிகளில் அது தெளிவாகத் தெரிந்தது. மனிதர்களில் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில்தான் இன்றுவரை வழக்கு. அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த நீண்டகால ஆய்வின் ஒரு பகுதியாக, 1,624 பெண்களை 11 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2003இல் வெளியிட்டார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களிடம் புரதத்துக்கும் வடிதிறன் குறைவதற்கும் தொடர்பு தெரியவில்லை. ஏற்கெனவே இலேசான குறைவு இருந்தவர்களிடம், புரதம், குறிப்பாக இறைச்சிப் புரதம், கூடக்கூட வடிதிறன் வேகமாக இறங்கியது. இது கவனிப்பு ஆய்வு மட்டுமே, காரணத்தை நிறுவாது. சோதனை முறையில் நடந்தவற்றில், சிறுநீரக நோய் இல்லாத, உடற்பருமன் உள்ள 307 பேரை இரண்டு ஆண்டுகள் ஒப்பிட்ட 2012ஆம் ஆண்டு ஆய்வில், மாவுச்சத்து குறைந்த உணவால் குறிப்பிடத்தக்க தீங்கு காணப்படவில்லை. இஸ்ரேலின் டிமோனா நகரில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வில், வடிதிறன் மிதமாகக் குறைந்திருந்தவர்களுக்குக்கூட எடை குறைந்தபோது நிலை சற்று மேம்பட்டது. இரண்டு ஆண்டுக்குத் தீங்கில்லை என்பதால் இருபது ஆண்டுக்கும் தீங்கில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு நீண்ட சோதனை எவரும் செய்ததில்லை. மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. கட்டுக்கடங்காத சர்க்கரையும் உயர் இரத்த அழுத்தமும் உடற்பருமனும் சிறுநீரகத்துக்கு என்ன செய்யும் என்பதில் ஐயமே இல்லை. உங்கள் வீட்டிலேயே அதைப் பார்த்திருக்கிறீர்கள். எட்டுக் கிலோ குறைந்ததும் சர்க்கரை இறங்கியதும் உங்கள் சிறுநீரகத்துக்குக் கிடைத்த இலாபம்.

ஐயத்துக்கு இடமில்லாத ஆபத்து ஒன்று இந்த உணவில் இருக்கிறது என்றால் அது சிறுநீரகக் கல். 2002இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் ஆரோக்கியமான 10 பேரை ஆறு வாரங்கள் மாவுச்சத்து குறைந்த, புரதம் மிகுந்த உணவில் வைத்தார்கள். சிறுநீரில் ஒரு நாளைக்கு வெளியேறும் கால்சியம் சராசரியாக 160 மில்லிகிராமிலிருந்து ஏறத்தாழ 250ஆக ஏறியது. கல் உருவாகாமல் தடுக்கும் சிட்ரேட் ஏறத்தாழ 760 மில்லிகிராமிலிருந்து 450ஆக இறங்கியது. சிறுநீரின் அமிலத்தன்மை கூடியது. இறைச்சியிலும் முட்டையிலும் உள்ள கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் அமிலமாகின்றன, கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்களும் அமிலமே. அதைச் சமன்செய்ய உடல் சிட்ரேட்டை மிச்சம் பிடிக்கிறது, எலும்பிலிருந்தும் காரத்தை எடுக்கிறது. வலிப்புக்காகக் கீட்டோ உணவில் இருக்கும் குழந்தைகளில் இருபதில் ஒருவருக்கேனும் கல் வருவது நெடுநாளாகத் தெரிந்ததே. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பொட்டாசியம் சிட்ரேட்டைத் தொடக்கத்திலேயே கொடுக்கத் தொடங்கிய பிறகு அது வெகுவாகக் குறைந்தது.

நம் ஊர்ப் பேலியோவுக்கென்றே ஒரு தனி வினை உண்டு, பாதாம். 100 பாதாமில், கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் ஆக்சலேட் என்ற பொருள் 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். கல் வந்தவர்களுக்கு நாங்கள் சொல்லும் ஒரு நாள் வரம்பே சுமார் 100 மில்லிகிராம்தான். ஊறவைத்துத் தோலுரித்தாலும் அதில் பெரும்பகுதி போகாது. அதன் மேல் பாலக்கீரையை வெண்ணெயில் வதக்கிச் சாப்பிட்டால் ஆக்சலேட் பல மடங்காகிறது. கல் வரும் உடல்வாகு உள்ளவர்கள் பாதாமை இருபதுக்குள் நிறுத்திக்கொண்டு, பாலக்குப் பதில் முட்டைக்கோசு, காலிஃபிளவர், புடலை, பீர்க்கு, சுரை என்று போகலாம். பாலக் வேண்டுமென்றால் நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். கல்லுக்குப் பயந்து தயிரையும் பாலாடைக்கட்டியையும் விடுவது தலைகீழான செயல். உணவோடு சேரும் கால்சியம், குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். இத்தாலியில் கல் வந்த 120 ஆண்களை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல் வந்தது. கால்சியத்தை இயல்பாக வைத்து உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களில் 12 பேருக்கே வந்தது. வைட்டமின் சி மாத்திரையை நாளுக்கு ஒரு கிராம் என்று விழுங்குவதும், எடை குறைக்க ஆர்லிஸ்டாட் போட்டுக்கொண்டு கொழுப்பையும் கூட்டிச் சாப்பிடுவதும் ஆக்சலேட்டை ஏற்றும். அரிதாக, ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரகத் திசுவிலேயே படிந்து திடீரென்று செயலிழப்பில் கொண்டுபோய் விட்ட நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அவற்றுள் பாதாமும் முந்திரியும் காரணமானவையும் உண்டு.

யூரிக் அமிலம் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் சில வாரங்களில் கீட்டோன்களும் யூரிக் அமிலமும் வெளியேறும் வழிக்குப் போட்டியிடுவதால் அது ஏறும். பிறகு பலருக்கும் தானாக இறங்கும். ஏற்கெனவே கவுட் எனும் மூட்டுவாதம் உள்ளவர்கள் மட்டும் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

"தினமும் ஐந்து லிட்டர் தண்ணீர் குடித்தால் போதும், எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும்" என்று உங்களிடம் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கல்லைத் தடுக்கத் தண்ணீர் உண்மையிலேயே உதவுகிறது; சிறுநீர் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் வெளியேறும் அளவுக்குக் குடிப்பதே இலக்கு, நம் வெயிலில் அதற்குச் சுமார் மூன்று லிட்டர் அல்லது சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். சிறுநீர் வெளிர்மஞ்சளாகப் போனால் போதுமென்று வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை சேர்க்காத எலுமிச்சைச் சாறு சிட்ரேட்டையும் தரும். ஆனால் சிறுநீரக நோயின் வேகத்தைத் தண்ணீர் குறைக்குமா என்று கனடாவில் 631 நோயாளிகளிடம் ஓராண்டு சோதித்தபோது பயன் தெரியவில்லை. சிறுநீரகம் கழுவிவிடும் பாத்திரம் அல்ல. உப்பையும் குறைத்துக்கொண்டு, நீர் பிரிக்கும் மாத்திரையும் போட்டுக்கொண்டு ஐந்து லிட்டர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கமும் வலிப்பும் வரலாம்.

இதுவரை சொன்ன அனைத்தையும்விட எனக்குக் கூடுதல் கவலை தருவது உங்கள் மாத்திரைப் பெட்டிதான். மாவுச்சத்தைக் குறைத்ததும் இன்சுலின் இறங்குகிறது. இன்சுலின் இறங்கியதும் சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றுகிறது. முதல் வாரத்தில் 'மூன்று கிலோ குறைந்தது' என்று மகிழ்கிறோமே, அதில் பெரும்பங்கு இந்த நீர்தான். அந்த நிலையில் டெல்மிசார்ட்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரையையும், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் பிரிக்கும் மாத்திரையையும் பழைய அளவிலேயே தொடர்ந்தால், அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றல் வருகிறது. உடம்புவலிக்கும் தலைவலிக்கும் கடையில் டைக்ளோஃபினாக்கோ ஐபுபுரூஃபனோ வாங்கிப் போட்டால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை நெரிக்கின்றன. திடீர்ச் சிறுநீரகப் பாதிப்போடு வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை இதுதான். பழி உணவின் மேல் போகிறது, செய்தது வலி மாத்திரை. வலிக்குப் பாராசிட்டமால் போதும். உங்கள் இரத்த அழுத்தத்தை வீட்டில் காலையும் மாலையும் அளந்து எழுதிக்கொண்டு போனால், மருந்தளவைக் குறைக்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவர் எளிதாக முடிவு செய்வார்.

சர்க்கரை மாத்திரையில் இரண்டு எச்சரிக்கைகள். கிளிமிபிரைடு போன்றவற்றையோ இன்சுலினையோ பழைய அளவில் தொடர்ந்தால் தாழ்சர்க்கரை வரும்; வடிதிறன் குறைந்தவர்களுக்கு இன்னும் எளிதாக வரும். இரண்டாவது எச்சரிக்கை பலருக்கும் தெரியாதது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. சிறுநீரகத்தைக் காக்கும் சிறந்த மருந்துகளாக இன்று நிறுவப்பட்டவை. 2020க்குப் பிறகு டாபாகிளிஃப்ளோசின் இந்தியாவில் விலை குறைந்து எல்லாச் சீட்டிலும் வந்துவிட்டது. கடுமையான கீட்டோ உணவோடு இவை சேரும்போது, இரத்தச் சர்க்கரை 150, 180 என்று சாதாரணமாகத் தெரிந்துகொண்டே இரத்தத்தில் கீட்டோன்கள் மிதமிஞ்சிச் சேரும் கீட்டோ அமிலநிலை என்ற உயிராபத்து வரக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015லேயே இதை எச்சரித்தது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால், சர்க்கரை சரியாக இருக்கிறதே என்று வீட்டில் இருக்கக் கூடாது; அன்றே மருத்துவமனைக்குப் போய் இந்த மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். உங்கள் மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தால், மாவுச்சத்தை நாளுக்கு 20, 30 கிராம் அளவுக்குக் குறைப்பதா, மருந்தை வைத்துக்கொண்டு உணவைச் சற்றுத் தளர்த்துவதா என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஆல்புமின் கசிவு இருந்தால் நான் மருந்தின் பக்கமே நிற்பேன்.

உப்பு விஷயத்தில், தொடக்கச் சோர்வுக்கு உப்புச் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். இரத்த அழுத்தம் உள்ள உங்களுக்கு அது பொருந்தாது. எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும். கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் சேரும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. டெல்மிசார்ட்டன் எடுப்பவர்கள் பொட்டாசியம் அளவைப் பார்க்காமல் அதைத் தொட வேண்டாம்.

ஏற்கெனவே வடிதிறன் 45க்குக் கீழே உள்ளவர்கள், ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் தாமாக இந்த உணவைத் தொடங்கக் கூடாது என்பதே என் நிலை. இதில் ஒரு விதிவிலக்குப் போலத் தோன்றுவது பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோய். கீட்டோ நிலை அந்தக் கட்டிகளின் வளர்ச்சியைத் தணிப்பதாக 2019இல் விலங்குகளில் காட்டினார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரில் 66 நோயாளிகளிடம் மூன்று மாதம் சோதித்து, கடைப்பிடிக்க முடிகிறது என்று 2023இல் வெளியிட்டார்கள். ஆர்வமூட்டும் செய்திதான், ஆனால் 66 பேரையும் மூன்று மாதத்தையும் வைத்து எந்த நோயாளிக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி உங்களுக்கு. உணவை இன்றே நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு வாரங்கள் இரவுக் கறியைப் பாதியாக்கி, பாதாமைக் குறைத்து, காய்களைக் கூட்டி, வலி மாத்திரையைத் தொடாமல் இருங்கள். பிறகு, முதல் நாள் இறைச்சியும் கடும் உடற்பயிற்சியும் இல்லாமல், போதிய தண்ணீர் குடித்துவிட்டு, கிரியாட்டினின், பொட்டாசியம், பைகார்பனேட், யூரிக் அமிலம், காலைச் சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் ஆகியவற்றைப் பாருங்கள். வசதி இருந்தால் சிஸ்டாட்டின் சி பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது தசையையும் இறைச்சியையும் அவ்வளவாகச் சார்ந்ததல்ல. கிரியாட்டினின் 1.1 அருகே திரும்பி, விகிதமும் 30க்குக் கீழே இருந்தால், புரதத்தைக் கிலோவுக்கு ஒரு கிராம் அளவில் வைத்துக்கொண்டு தொடரலாம்; மூன்று மாதத்தில் ஒருமுறை, பின்னர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். கிரியாட்டினின் 1.3லேயே நின்று சிஸ்டாட்டினும் குறைந்த வடிதிறனையே காட்டினாலோ, விகிதம் 30ஐத் தாண்டியிருந்தாலோ, அருகிலுள்ள சிறுநீரக மருத்துவரிடம் இந்த அறிக்கைகளோடும் மாத்திரை அட்டைகளோடும் ஒருமுறை போய்வாருங்கள். அல்ட்ராசவுண்டு தேவையா என்பதை அவர் சொல்வார். காய்ச்சலோ வாந்தியோ பேதியோ வந்து சாப்பிட முடியாத நாள்களில் டெல்மிசார்ட்டன், நீர் பிரிக்கும் மாத்திரை, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் ஆகியவற்றில் எதைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டு, சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.